ஒன்பதாவது வார்டு முன்மொழிந்தது

வெங்காய மூட்டையை இறக்கிச் சாக்கை விரிப்பதற்குள் டிக்கெட் கிழிக்கிற ஆள் வந்து நின்றுவிட்டார். புது ஆள். ஏப்ரல் முதல் தேதியோடு சந்தை ஏலம் கைமாறியிருந்தது. கழுத்தில் தொங்கிய தோல்பையிலிருந்து மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

"தலைச்சுமை ஒண்ணு. நாப்பது ரூவா எடும்மா."

தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளியங்கொட்டாய் செவ்வாய்ச் சந்தையில் தலையில் சுமந்து வருகிற மூட்டைக்கோ கூடைக்கோ பத்து ரூபாய்தான் சுங்கம். போன வாரம்கூட அவள் பத்துதான் கொடுத்தாள்.

"அண்ணா, நீங்க புதுசு, அதான் தெரியல. தலைச்சுமைக்குப் பத்து. நாப்பது வாங்குறது ஆட்டுக்கு."

"ஆட்டுக்கு இப்ப நூறு. தலைச்சுமைக்கு நாப்பது. சந்தை வாசல்ல போர்டு எழுதிப் போட்டிருக்கமே, பாக்கலியா?"

"யாரு ஏத்துனது? பேரூராட்சியில தீர்மானம் போடாம ஒரு ரூவா ஏத்த முடியாது, தெரியுமில்ல? நான் ஒன்பதாவது வார்டு கவுன்சிலரு. எனக்குத் தெரியாம எவன் ஏத்துனான்?"

குரல் உயர்ந்ததும் பக்கத்துக் கடைகள் திரும்பிப் பார்த்தன. ஒன்பதாவது வார்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த வரிசையில்தான் உட்காருவார்கள். கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மாள், "நல்லா கேளு தீர்த்தா. இருவது கட்டுக் கீரைக்கு நாப்பது ரூவா கேக்கறான். கீரைய அவனே எடுத்துக்கட்டும்" என்றாள்.

டிக்கெட்காரர் கோபப்படவில்லை. தீர்த்தம்மாளை மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தார்.

"நீங்கதான் தீர்த்தம்மாளா?"

"ஆமா. ஏன்?"

"அட, என்னங்கம்மா வெளயாடுறீங்க? போட்டதே நீங்கதானே."

தோல்பைக்குள் கைவிட்டு, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி லேமினேஷன் செய்த ஒரு தீர்மான நகலை எடுத்தார். யார் சண்டைக்கு வந்தாலும் காட்டுவதற்காகச் சந்தையை ஏலம் எடுத்தவர் கொடுத்து வைத்தது. தீர்த்தம்மாள் அதை வாங்கி, கண்ணாடி கொண்டு வராததால், பக்கத்தில் பூண்டை உதறிக்கொண்டிருந்த மகளிடம் தள்ளினாள்.

"கலை, என்னமோ எழுதியிருக்குது. படி."

கலைமதி படித்தாள். பதினாறு வயது. ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்த லீவில் அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்தாள். ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி நடந்த சாதாரணக் கூட்டம். வாரச்சந்தைச் சுங்கக் கட்டணத்தை உயர்த்துவது. தலைச்சுமை ஒன்றுக்கு நாற்பது. ஆடு ஒன்றுக்கு நூறு. மன்றம் ஏகமனதாக அங்கீகரித்தது.

"முன்மொழிந்தவர்..." என்றவள் நின்றாள்.

"சொல்லுடி."

"திருமதி சி. தீர்த்தம்மாள், ஒன்பதாவது வார்டு உறுப்பினர்."

அடுத்த வரிசையில் யாரோ கத்தரிக்காய் எடை போட்டுக் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் பெரியம்மாள்தான் எழுந்தாள். கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை வைக்கக்கூட இல்லை. "அடியே! நீயா போட்ட? எங்க கூடவே உக்காந்து வெங்காயம் வித்துக்கிட்டு, எங்க தலமேலயே நாப்பது ரூவா வெச்சியா?"

"யக்கா, சத்தியமா நான் போடலக்கா."

"பேரு போட்டிருக்குதே. உம் பொண்ணுதான படிச்சா?"

"கவுன்சிலரம்மாவுக்குச் சுங்கம் உண்டா, கெடையாதா? அதக் கேளு மொதல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு குரல், "எவ்ளோ வாங்குன தீர்த்தா? எங்களுக்கும் டீ வாங்கிக் குடு" என்றது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் தீர்த்தம்மாளின் முகத்தில் இருந்த ரத்தத்தையெல்லாம் இறக்கிவிட்டது.

கலைமதி அதையெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. அவள் கண் தாளின் அடியில் இருந்த கையெழுத்திலேயே நின்றுவிட்டது. 'சி. தீர்த்தம்மாள்'. கடைசி 'ள்' எழுத்திலிருந்து கிளம்பி முழுப்பெயருக்கும் அடியில் ஓடிவந்து முடிகிற ஒரு கோடு. அம்மா கோடு போடமாட்டாள். எழுத்தெழுத்தாக, ஒவ்வொன்றையும் கோலப்புள்ளி வைப்பதுபோல வைத்து, ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வாள்.

அந்தக் கோட்டைப் போட்டது கலைமதி.

தாளை அம்மாவின் மடியில் போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

*

அன்று வெங்காயம் விற்கவில்லை. மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் நடக்க, மகள் பின்னால் நடந்தாள். வாசலில் லோடு ஆட்டோவின் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சிவக்குமார், "என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார்.

தீர்த்தம்மாள் மூட்டையைத் தொப்பென்று போட்டாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் ஏறியது.

"ஜனவரி இருவத்தொம்போது நான் இந்த ஊர்லயே இல்லீங்க. தங்கச்சிக்குப் பிரசவம்னு தர்மபுரி பெரியாஸ்பத்திரியில மூணு நாளு தரையில படுத்துக் கெடந்தன். அட்டெண்டர் பாஸு இன்னும் பர்ஸுல இருக்குது. என் கையெழுத்த எவனோ திருட்டுத்தனமா போட்டிருக்கான்."

சிவக்குமார் ஒரே ஒரு தரம் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை கலைமதியின் மேல் பட்டுவிட்டு உடனே டயருக்குப் போய்விட்டது.

"நாளைக்குக் கூட்டம் இருக்குதில்ல? நானே போறன். ஆபீசுல ஈ.ஓ. முன்னாடி தீர்மான நோட்ட தொறந்து வெச்சிக் கேக்கறன். அப்படியே ஸ்டேசனுக்குப் போயி எழுதிக் குடுக்கறன். போட்டவன் கையில விலங்கு மாட்டாம வுடமாட்டன், பாருங்க!"

"விசாரிச்சிப் பாக்கலாம் தீர்த்தா. அவசரப்படாத."

"என்ன விசாரிக்கறது? பெரியம்மா அக்கா என்னயப் பாத்துக் காறித் துப்பாத கொறதான். அவங்க ஓட்டு போட்டுத்தான நான் ஜெயிச்சன்? பதினாலு ஓட்டுல ஜெயிச்சன்."

அவள் முகம் கழுவப் பின்பக்கம் போனதும் சிவக்குமார் மகளருகே வந்தார். "வாய தொறந்துடாத. ரெண்டு நாளு கத்துவா, அப்பறம் அடங்கிடுவா. நான் பாத்துக்கறன்."

"ப்பா, அதுல அப்படி எழுதியிருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் மட்டும் படிச்சனா?"

அது உண்மைதான். யாரும் படித்ததில்லை. அந்தத் தீர்மான நோட்டு அவர்கள் வீட்டுக்கு வருவது கேஸ் சிலிண்டர் வருவதுபோல. அலுவலக எழுத்தர் மாதவராஜ், மாதத்துக்கொரு தரம், சாயங்கால நேரத்தில், பைக் டேங்க் மேல் துணிப்பையில் சுற்றிய பெரிய நோட்டை வைத்துக்கொண்டு வருவார். வார்டு வார்டாக வீடு வீடாகப் போவார். பென்சிலால் டிக் அடித்த இடத்தில் கையெழுத்து வாங்குவார். தண்ணீர் கேட்டுக் குடிப்பார். போய்விடுவார். அம்மா இருந்தால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போடுவாள். மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து கையெழுத்து இல்லாவிட்டால் பதவியே போய்விடும் என்று மாதவராஜ் சொல்லியிருந்தார். அதனால் அம்மா இல்லாத நாளில் அப்பா கூப்பிடுவார்: "கலை, வந்து அம்மா கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

அம்மா ஜெயித்து வந்த வருஷம் அவள் எட்டாவது. ரேங்க் கார்டில் அம்மா பெயரைப் போட்டுப் பழகியிருந்தாள். முதல் தரம் நோட்டில் போட்டபோது மாதவராஜ் அண்ணன் எட்டிப் பார்த்து, "கவுன்சிலர விட பாப்பா சூப்பரா போடுதே" என்று சொன்னார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடியில் கோடு போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

*

ராத்திரி பன்னிரண்டரை ஆகியும் அம்மா படுக்கவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, நாளைக்குப் பேசுவதைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே... வேணாம். தலைவரம்மா, ஒரு கேள்வி. ஜனவரி மாசத் தீர்மானத்துல என் பேரு எப்படி வந்துச்சி?" இடுப்பில் கைவைத்தாள். எடுத்தாள். "இடுப்புல கை வெச்சா திமிருன்னுவாங்க."

அப்பா பின்கட்டில் படுத்திருந்தார். கலைமதி போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு, மற்றவர் கையெழுத்தைப் போட்டால் என்ன தண்டனை என்று தேடினாள். வந்ததைப் பாதி படித்ததுமே போனை அணைத்துவிட்டாள். சிறுவர் கூர்நோக்கு இல்லம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வார்த்தை மூடிய கண்ணுக்குள்ளும் நின்றது. நாளைக்கு அம்மா போய்ப் புகார் எழுதிக் கொடுப்பாள். போலீஸ் விசாரிக்கும். மாதவராஜ் அண்ணனை ஒரு அதட்டு அதட்டினால் சொல்லிவிடுவார். ஜீப் வந்து இந்த வாசலில் நிற்கும். புகார் கொடுத்தது யாரென்றால் அம்மா.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ம்மா."

"தூங்கலியா நீ? லைட்டு கண்ணுல அடிக்குதா?"

"ம்மா, ஸ்டேசனுக்குப் போவாத."

"ஏன்? பயமா? நான் என்ன தப்பு பண்ணன், பயப்பட?"

"நீ பண்ணல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பண்ணன். அது நான் போட்ட கையெழுத்தும்மா."

தீர்த்தம்மாள் கண்ணாடியிலேயே மகளைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். "போடி. கனவு கண்டியா?"

"மாதவராஜ் அண்ணன் நோட்டு எடுத்துகிட்டு வந்தாரு. நீ ஆஸ்பத்திரியில இருந்த. அப்பா போடச் சொன்னாரு. நான் டிவி பாத்துகிட்டே வந்து போட்டன். என்ன எழுதியிருந்துச்சின்னு பாக்கலம்மா. சத்தியமா பாக்கல. பக்கம் பாதி காலியாத்தான் இருந்துச்சி. அடியில போடச் சொன்னாரு, போட்டன்."

அம்மா திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே காய்ந்துபோயிருந்தது.

"அது ஒண்ணுதானா?"

கலைமதி தலையை ஆட்டினாள்.

"எத்தினி?"

"ஏழு."

"ஏழா!"

தீர்த்தம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று கலைமதி எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அம்மாவோ தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் போட்டனே மத்ததெல்லாம்," என்றாள் கடைசியில், யாரிடமோ கேட்பதுபோல. "அதுல என்னல்லாம் எழுதியிருந்துச்சி?"

"தெரியலம்மா."

"நான் படிச்சதில்லியே கலை. ஒண்ணு கூட."

பின்கட்டிலிருந்து அப்பா வந்து கதவருகே நின்றார். தூங்கியிருக்கவில்லை. "உன் பதவி போயிடக்கூடாதுன்னுதான் தீர்த்தா..."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" அவரை அவள் ஒருமையில் பேசி மகள் கேட்டதே இல்லை. "புள்ளய வுட்டுப் போடச் சொல்லியிருக்கிறியே. நாளைக்கு நான் போயி எவன் கையில விலங்கு மாட்டச் சொல்றது? சொல்லு!"

அம்மா எழுந்து லைட்டை அணைத்தாள். இருட்டில் அவள் படுத்த சத்தம் கேட்கவில்லை.

*

காலையில் தீர்த்தம்மாள் இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். என்ன செய்யப் போகிறாள் என்று சொல்லவில்லை. "நீ வூட்டுல இரு" என்று மட்டும் சொன்னாள். கலைமதி இருக்கவில்லை. பத்தடி விட்டுப் பின்னாலேயே போனாள். அம்மா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், விரட்டவில்லை.

பேரூராட்சி அலுவலக கேட்டில் பெரியம்மாளும் சந்தைக்காரப் பெண்கள் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். "வந்துட்டாங்க மகராணி" என்றாள் பெரியம்மாள். "இன்னிக்கி என்ன ஏத்தப் போற? உக்கார்ற எடத்துக்கு வாடகையா?"

"யக்கா, திரும்பி வரும்போது சொல்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள் தீர்த்தம்மாள்.

மன்றக் கூடத்தில் பதினைந்து நாற்காலிகள். இன்று எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. சந்தை விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தது. கலைமதி கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். தலைவர் ஜானகியம்மாள் நடுவில், பக்கத்தில் ஈ.ஓ. என்று எல்லோரும் கூப்பிடும் செயல் அலுவலர், ஓரத்தில் அந்த நோட்டோடு மாதவராஜ். டீயும் மிக்சரும் வந்தன. தீர்த்தம்மாள் தொடவில்லை. எழுந்து நின்றாள்.

"தலைவரம்மா, ஒரு கேள்வி. ஜனவரித் தீர்மானத்த நான் முன்மொழிஞ்சதா போட்டிருக்குது. நான் முன்மொழியலீங்க. சந்தைச் சுங்கத்தப் பத்தி யாரும் என்கிட்ட பேசவே இல்ல."

ஜானகியம்மாள் மாதவராஜைப் பார்த்தார். மாதவராஜ் இதற்குத்தானா இவ்வளவு என்பதுபோலச் சிரித்தார்.

"அது ஒண்ணுமில்லீங்கம்மா. முன்மொழியறவங்க பேர வார்டு வரிசையா போட்டுட்டு வருவோங்க. டிசம்பருக்கு எட்டு, ஜனவரிக்கு ஒம்போது, பிப்ரவரிக்குப் பத்து. அந்த மாசம் உங்க முறை வந்துச்சி, அவ்ளோதான். எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தாங்க போட்டாரு."

யாரோ சதி செய்தார்கள், யாரோ பழிவாங்கினார்கள் என்று ராத்திரி முழுக்க எண்ணிய தீர்த்தம்மாளுக்கு, தன் பெயரை ஒருவரும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. கதவோரம் நின்ற கலைமதிக்கும்தான். எட்டுக்கு அப்புறம் ஒன்பது. அதற்காகவா பெரியம்மா அக்கா அம்மாவைப் பார்த்து அப்படிப் பேசினார்?

"பேரு எப்படி வந்தா என்னம்மா?" என்றார் ஈ.ஓ. "கையெழுத்து போட்டிருக்கீங்க இல்ல? கையெழுத்துன்னா சம்மதம்னு அர்த்தம்."

"அன்னிக்கு நான் தர்மபுரி ஆஸ்பத்திரியில இருந்தன் சார்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். முன்பக்கங்களையும் புரட்டினார். கூட்டத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோடு இல்லாத கையெழுத்து. கோடு போட்ட கையெழுத்து. மறுபடி கோடு இல்லாதது.

"ரெண்டு தினுசா இருக்குதேம்மா. எது உங்களுது? உங்களுது இல்லன்னா சொல்லுங்க. இது சாதாரண விஷயம் இல்ல. அரசாங்க ரெக்கார்டுல போலிக் கையெழுத்து. இப்பவே நான் ஸ்டேசனுக்கு எழுதறன். போட்டது யாரா இருந்தாலும் கேஸ்தான். சின்னவங்க பெரியவங்கன்னு பாக்க மாட்டாங்க. யாரு போட்டது?"

அவருக்கு என்னவோ புரிந்துவிட்டதுபோல இருந்தது அந்தக் கடைசிக் கேள்வி. மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா நிமிர்ந்து, அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கதவைப் பார்த்தாள். சொல்லிவிடப் போகிறாள். இதோ.

"என்னுதுதான் சார்" என்றாள் தீர்த்தம்மாள்.

"எது?"

"ரெண்டும். எல்லாம் என்னுதுதான். பரபரப்புல மறந்துட்டன்."

உட்கார்ந்துவிட்டாள். பிறகு நாற்காலிகளுக்கிடையே சிரிப்பு ஓடியது. "சந்தையில வெயில்ல உக்காந்தா இப்படித்தான் மறக்கும்" என்றார் ஜானகியம்மாள். "மிக்சர எடுத்துக்கோ தீர்த்தா." ஈ.ஓ. நோட்டை மூடப் போனார்.

கலைமதிக்குப் புரிந்துவிட்டது. அம்மா சும்மா தோற்கவில்லை, மகளுக்குப் பதிலாகத் தன்னையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனி வெளியே போய், கேட்டில் நிற்கிற பெரியம்மாளிடம், ஆமாக்கா, நான்தான் உங்க தலையில நாப்பது ரூவா வெச்சன் என்று சொல்லுவாள். அந்த வரிசையில் இனி உட்கார முடியாது. வாழ்நாள் முழுக்க அந்தக் கோடு அம்மாவுடையது.

எப்படி நடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசை அருகே நின்றிருந்தாள்.

"பாப்பா, இங்கல்லாம் வரக்கூடாது" என்று யாரோ சொன்னார்கள்.

"கலை, வெளிய போடி!" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது.

"அம்மா பொய் சொல்லுது சார். அது நான் போட்டன்." ஈ.ஓ.வின் பேனாவை எடுத்தாள். அவர் முன்னால் கிடந்த கூட்ட அறிவிப்புத் தாளைத் திருப்பி, நின்றபடியே, இரண்டு விநாடியில் போட்டாள். சி. தீர்த்தம்மாள். 'ள்' எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடு. இத்தனை பேர் பார்த்தும் கோடு நேராகத்தான் வந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

ஈ.ஓ. தாளை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"எங்க வூட்டு ஹால்ல போட்டன். சாயந்தரம் ஏழு மணி இருக்கும். மாதவராஜ் அண்ணன்தான் நோட்டு எடுத்துகிட்டு வந்தாரு. அந்தப் பக்கத்துல அப்ப எதுவும் எழுதியே இல்ல. பாதி காலியா இருந்துச்சி."

மிக்சர் கொறிக்கிற சத்தமும் நின்றது.

"காலியாவா?" என்றாள் இரண்டாவது வார்டு எழிலரசி. எல்லோரிலும் இளையவள், கூட்டத்தில் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. "எங்க வூட்டுக்கு வந்தப்பயும் காலியாத்தான் இருந்துச்சி. பூஜையில இருந்தன், எங்க மாமியார் போட்டாங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் டீக்கடையில போட்டன்" என்றார் ஆறாவது வார்டு உறுப்பினர் மாது. யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். "இருங்க, அன்னிக்கு இந்த ரூமுல யாரு இருந்தீங்க? கை தூக்குங்க பாக்கலாம்."

பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கையும் எழவில்லை. தலைவர் ஜானகியம்மாளின் கை மேசைமேல் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவாக எழுமா என்பதுபோல.

"நீங்களும் இல்லியாம்மா?" என்றாள் தீர்த்தம்மாள்.

"எனக்குக் கூட நோட்டு வூட்டுக்குத்தான் வந்துச்சி" என்றார் ஜானகியம்மாள்.

ஈ.ஓ. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இதுவரை இருந்த அதிகாரம் அவர் முகத்தில் இல்லை. அவர் கையெழுத்தும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. "மேலிடத்துக்கு எழுதியாகணும்" என்றார். "உதவி இயக்குநர் ஆபீஸ்ல இருந்து விசாரணைக்கு வருவாங்க. அது வரைக்கும் யாரும் நோட்டத் தொடவேணாம்."

"அடுத்த செவ்வாய்க்கெழம எவ்ளோ சார் வாங்குவாங்க?" என்றாள் தீர்த்தம்மாள்.

"அத இப்ப எப்படிம்மா சொல்றது? விசாரணை முடியட்டும்."

"கூட்டமே நடக்கலியே சார். நடக்காத கூட்டத்துல எப்படி நாப்பது ரூவா ஏறும்?"

ஈ.ஓ. கலைமதியின் பக்கம் திரும்பினார். "பாப்பா, வெள்ளிக்கெழம ஆதார் கார்டு எடுத்துக்கிட்டு நீ வரணும். இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுக்கணும். உன் பேருல. புரியுதா? உன் மேலயும் கேள்வி வரும். அத நான் தடுக்க முடியாது."

கலைமதியின் கையில் இருந்த பேனா கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"வருவா" என்றாள் தீர்த்தம்மாள். எழுந்து வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. அந்தப் பிடி கோபமா வேறெதுவுமா என்று கலைமதியால் சொல்ல முடியவில்லை. "நானும் வருவன்."

"நீங்க எதுக்கும்மா? போட்டது பொண்ணுதானே?"

"ஏழுதான் சார் அவ போட்டது." அவள் நோட்டைக் காட்டினாள். கோடு இல்லாத கையெழுத்துகள் இருந்த பக்கங்கள் விசிறிக் காற்றில் ஒவ்வொன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. "மீதி முப்பது இருக்குமா? அத்தினியும் நான் போட்டது. படிக்காம போட்டன். அதையும் எழுதிக்கணுமில்ல?"